வெள்ளை, மஞ்சள், பச்சை, கறுப்பு: நம்பர் பிளேட்டின் நிறம் யாருக்காக?

பின்சீட்டுப் பயணி, கோவை

எங்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரே மாடல் மின்சாரக் கார் இரண்டு அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டுக்கும் பச்சை நம்பர் பிளேட். ஒன்றில் எழுத்து வெள்ளை, இன்னொன்றில் மஞ்சள். மஞ்சள் எழுத்துக் கார் வாடகைக்கு ஓடுகிறது. வெள்ளை எழுத்துக் கார் ஒரு பல் மருத்துவருடையது. அதுவரை புரிகிறது.

புரியாதது இதுதான். வண்டி எண்ணை அடித்தால் என்ன வகை வண்டி, எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) எப்போது முடிகிறது, இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்பதெல்லாம் அரசின் 'வாகன்' தளத்தில் வந்து நிற்கிறது. எண்ணே எல்லாவற்றையும் சொல்லும்போது நிறம் எதற்கு? கணினி இல்லாத காலத்து வழக்கத்தை விட மனமில்லாமல் வைத்திருக்கிறோமா?

கேட்பதற்கு வீட்டிலும் ஒரு காரணம் இருக்கிறது. என் சித்தப்பா மகன் தவணையில் கார் வாங்கியிருக்கிறான். சனி, ஞாயிறுகளில் ஊட்டிக்கும் பழனிக்கும் வாடகைக்கு ஓட்டினால் தவணைக்கு ஆகும் என்கிறான். "ஓன் போர்டிலேயே ஓட்டிவிடலாம், யார் பார்க்கப் போகிறார்கள்?" என்பது அவன் கணக்கு. ஓன் போர்டு என்றால் சொந்த உபயோக வண்டிக்கான வெள்ளை பிளேட். எந்த வண்டிக்கு எந்த நிறம் என்ற பட்டியல் வேண்டாம், அது எல்லா இடத்திலும் கிடக்கிறது. ஏன் என்பதைத் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

டி-போர்டு, மதுரை

யார் பார்க்கப் போகிறார்கள் என்றா கேட்கிறார் உங்கள் தம்பி? நாங்கள் பார்ப்போம்.

மதுரையில் கோயிலைச் சுற்றியுள்ள விடுதிகளின் வாசலில் விடியற்காலையில் வந்து நின்று பாருங்கள். ராமேசுவரத்துக்கும் கொடைக்கானலுக்கும் கிளம்பும் கார்களில் எத்தனை வெள்ளை போர்டு என்று எண்ணுங்கள். நிறுத்திக் கேட்டால் "சொந்தக்காரர்கள் சார், கோயிலுக்கு அழைத்துப் போகிறேன்" என்பார்கள். பின்சீட்டில் இருக்கும் அந்தச் சொந்தக்காரரின் பெயரைச் சொல்லுங்கள் என்றால் விழிப்பார்கள்.

நான் டாக்ஸிக்குரிய வரியைக் கட்டுகிறேன். பெர்மிட் எடுத்திருக்கிறேன். எஃப்சிக்கு வண்டியைக் கொண்டுபோவதற்கு முன்னால் டிங்கரிங், பெயின்ட், டயர் என்று கைக்காசு கரைகிறது. அந்த நாட்களில் ஓட்டமும் கிடையாது. இன்சூரன்ஸ் பிரீமியம் சொந்தக் காரைவிட அதிகம். வாடகை வண்டி ஓட்டுநருக்கான பேட்ஜ் வேறு. இத்தனைக்கும் பிறகு நான் கிலோமீட்டருக்கு ஒரு கட்டணம் சொல்கிறேன். எதுவும் கட்டாத மனிதர் அதில் இரண்டு ரூபாய் குறைத்துச் சொல்கிறார். பயணி யாரிடம் போவார்?

நிறம் எதற்கு என்றீர்கள். யாரை ஓரங்கட்டச் சொல்வது என்று தூரத்திலேயே தெரிய வேண்டும் அல்லவா, அதற்குத்தான். மாநில எல்லையில் வெள்ளை போர்டு கண்ணாடியைக்கூட இறக்காமல் போய்விடும். மஞ்சளைக் கண்டால் கை நீளும். வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

ஓய்வுபெற்ற பிரேக் இன்ஸ்பெக்டர், தஞ்சாவூர்

டி-போர்டு தம்பியின் கோபம் நியாயமானது. அவர் சொல்லும் காரணம் பாதிதான்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 2(47)இல் 'போக்குவரத்து வாகனம்' என்று ஒரு வகையைப் பிரித்துவைத்திருக்கிறார்கள். பொதுமக்களை ஏற்றும் வண்டி, சரக்கு வண்டி, கல்வி நிறுவனப் பேருந்து, நிறுவனங்கள் தங்கள் ஆட்களை ஏற்றிச் செல்லும் வண்டி எல்லாம் இதில் அடங்கும். இந்த வகைக்குத்தான் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. மற்றவற்றுக்கு வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து.

வாடகை வாங்கினால் மஞ்சள், வாங்காவிட்டால் வெள்ளை என்று பலரும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை. மளிகைக் கடைக்காரர் தம் கடைச் சரக்கை மட்டும் ஏற்றுவதற்கு ஒரு 'குட்டி யானை' வாங்கினாலும் மஞ்சள் போர்டுதான். பள்ளிப் பேருந்தும், நூற்பாலைக்கு ஊர் ஊராகப் பெண்களை ஏற்றிவரும் வேனும் அப்படியே. உழவு டிராக்டருக்கு வெள்ளை. அதே டிராக்டர் செங்கல் நடைக்குப் போகும்போது தகராறு தொடங்கும். நான் பணியில் இருந்த காலத்தில் டாக்ஸிக்காரர்களோடு வாக்குவாதம் செய்ததைவிட டிராக்டர்காரர்களோடு செய்ததுதான் அதிகம். "என் வயல், என் வண்டி, என் செங்கல்" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார்கள்.

போக்குவரத்து வாகனம் என்று பதிவாகிவிட்டால் பிரிவு 66இன்படி பெர்மிட், பிரிவு 56இன்படி தகுதிச் சான்று. எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை எஃப்சி, அதன்பின் ஆண்டுதோறும். சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். இடையில் அரசின் சார்பில் ஒருவரும் அதன் பிரேக்கை மிதித்துப் பார்ப்பதில்லை.

ஏன் இந்தப் பாகுபாடு? மைத்துனர் காரில் ஏறுகிறவருக்கு அந்தக் காரைப் பற்றி, ஓட்டும் மைத்துனரைப் பற்றி, ஏதோ தெரியும். பஸ் நிலைய வாசலில் கைகாட்டி ஏறுகிறவருக்கு எதுவும் தெரியாது. அவருக்காக வேறொருவர் முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டியிருக்கிறது. பார்த்துவைத்த வண்டி இது என்பது ஏறும்போதே அவர் கண்ணில் பட வேண்டும். அந்த நிறம் முதலில் பயணிக்கு, பிறகுதான் எங்களுக்கு. 2019 ஜனவரி 1 முதல் புதிதாகப் பதிவாகும் பயணி வாகனங்களில் வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் வேண்டும் என்று விதி வந்ததும் இதே எண்ணத்தில்தான். அதில் ஆட்டோவுக்கு விலக்கு உண்டு.

கூடுதலாக ஒரு செய்தி. இந்த மஞ்சள் அப்படியொன்றும் பழையதல்ல. 2001இல் விதி திருத்தப்படும்வரை சொந்த வண்டிக்குக் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. வாடகை வண்டிக்கும் லாரிக்கும் வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து. பழைய அம்பாசடர், பியட் கார்களின் புகைப்படங்களை எடுத்துப் பாருங்கள். இன்று சொந்த வண்டியின் அடையாளமாக இருக்கும் வெள்ளை, அன்று வாடகை வண்டியுடையது.

கிள்ளான்வாசி, மலேசியா

ஐயா சொல்லும் அந்தப் பழைய முறை இங்கே இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. சொந்தக் கார்களுக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்து. டாக்ஸிக்கு வெள்ளையில் கறுப்பு எழுத்து. எண் 'எச்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். தூதரக வண்டிகளுக்குச் சிவப்பு. வெள்ளைக்காரன் விட்டுச் சென்றதை நீங்கள் மாற்றிவிட்டீர்கள், நாங்கள் மாற்றவில்லை.

ஆனால் பின்சீட்டுப் பயணியின் கேள்விக்கு இங்கே ஒரு வேறு விடை இருக்கிறது. கைப்பேசிச் செயலி மூலம் அழைக்கும் கார்கள் வந்தபோது அவற்றுக்குத் தனி நிறம் கொடுக்கவில்லை. சாதாரணக் கறுப்புப் பலகையோடுதான் ஓடுகின்றன. 2019இல் வந்த விதிகளின்படி ஓட்டுநர் பயணிகளை ஏற்றுவதற்கான தனி உரிமம் எடுக்க வேண்டும். வண்டிக்கும் அனுமதி வேண்டும். மூன்று ஆண்டைத் தாண்டிய வண்டி பரிசோதனைக்குப் போக வேண்டும். வண்டி எண்ணும் ஓட்டுநர் படமும் பயணியின் கைப்பேசியிலேயே வந்துவிடுகின்றன. ஆகவே பலகையைப் பார்த்து ஏறும் தேவை குறைந்துவிட்டது. டாக்ஸிக்காரர்களின் புலம்பல் மட்டும் மதுரையில் கேட்பதுபோலவே இங்கேயும் கேட்கிறது.

பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்குப் போனால் சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்தோடு சில கார்களைப் பார்க்கலாம். ஏதோ பெரிய அதிகாரி என்று எண்ணிவிடாதீர்கள். வார நாட்களில் பகலில் ஓட்டாமல் இருக்க ஒப்புக்கொண்டு, அதற்காக வரியில் தள்ளுபடி வாங்கிய கார்கள் அவை. மாலை ஏழு மணிக்குமேல் தாராளமாக ஓட்டலாம். பகலில் எடுக்க வேண்டுமென்றால் அன்றைக்கு மட்டும் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

பின்சீட்டுப் பயணி, கோவை

கிள்ளான் நண்பருக்கு நன்றி. நான் கேட்டதும் அதுதானே! நிறமே மாறாமல் பரிசோதனை, உரிமம், அனுமதி எல்லாம் நடக்க முடியும் என்றால், இங்கே மஞ்சள் போர்டு என்பது டாக்ஸிக்காரரின் நெற்றியில் ஒட்டிய சீட்டாகத்தானே ஆகிறது? அவரே அப்படித்தான் சொல்கிறார்.

சட்டம் மூன்றாமாண்டு, சென்னை

அண்ணா, செயலியில் கார் அழைப்பவர்களுக்கு அது பொருந்தும். திருமண மண்டபத்துக்கு வேன் பேசுகிறவர்கள், ஊரில் தெரிந்தவரிடம் சொல்லிவைத்து மருத்துவமனைக்குக் கார் எடுக்கிறவர்கள், நெடுஞ்சாலையில் கைகாட்டி ஏறுகிறவர்கள் எந்தச் செயலியைப் பார்க்கிறார்கள்? அவர்களிடம் இருப்பது கண் மட்டும்தான்.

சாலையில் நிற்கும் காவலருக்கும் கண்தான் முதல் கருவி. ஓடும் வண்டிகள் அத்தனையின் எண்ணையும் அடித்துப் பார்க்க அவரால் முடியாது. எண்ணைத் தட்டினால் பதில் வரும் என்கிறீர்கள். எந்த வண்டியிடம் எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதை நிறம்தான் முடிவு செய்கிறது. மஞ்சள் பலகைக் காரில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தால் பெர்மிட்டில் எத்தனை பேர் என்று கேட்கலாம். வாடகைக்கு எடுத்தவரே ஓட்டும் கறுப்புப் பலகைக் காரின் ஓட்டுநர் பெயரும் ஆர்சி புத்தகத்தில் உள்ள பெயரும் பொருந்தாதது இயல்பு. வெள்ளைப் பலகையில் அதே பொருத்தமின்மை இருந்தால், இது யார் வண்டி என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கும்.

உங்கள் சித்தப்பா மகனுக்கு: அபராதத்தைவிடப் பெரிய கவலை இன்சூரன்ஸ். பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் பிரிவு 192ஏ-இன்படி 10,000 ரூபாய் அபராதம், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. அதை விடுங்கள். சொந்தக் காருக்கான பாலிசியில் வாடகைக்கு ஓட்டக் கூடாது என்று எழுதியே இருக்கும். விபத்து நடந்து, பயணிகளிடம் பணம் வாங்கியது தெரியவந்தால் காரின் சேதத்துக்குப் பணம் தர நிறுவனம் மறுக்கலாம். அடிபட்ட மூன்றாம் நபரின் நிலை வேறு. பெர்மிட் இல்லாத வண்டி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் என்ன சொன்னது தெரியுமா? பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றது. இழப்பீடு பல லட்சமாக இருந்தால், அந்த வசூல் வீட்டுப் பத்திரம்வரை வந்து நிற்கும். ஊட்டி மலைப்பாதையில் சனி, ஞாயிறு ஓட்டத்துக்கு இந்தத் துணிச்சல் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

டி-போர்டு அண்ணாவுக்கு ஒரு சிறு திருத்தம். பேட்ஜ் விஷயம் மாறிவிட்டது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட இலகுரக வாகன உரிமம் இருந்தால் டாக்ஸி ஓட்டத் தனி ஒப்புதல் தேவையில்லை என்று 2017இல் தீர்ப்பு வந்தது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதிசெய்தது.

டி-போர்டு, மதுரை

தீர்ப்பு டெல்லியில் வந்துவிட்டது. அதை நான் கைப்பேசியில் காட்டினால், நிறுத்தியவர் படித்துவிட்டு வழிவிடுவார் என்று நினைக்கிறீர்களாம்மா? பேட்ஜை எடுத்துக் காட்டினால் அரை நிமிடத்தில் வேலை முடிகிறது. நான் காட்டிக்கொண்டே இருக்கிறேன்.

கடற்கரைச் சாலை, புதுச்சேரி

கறுப்புப் பலகை பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே. எங்கள் ஊரிலும் கோவாவிலும் சுற்றுலாப் பயணிகள் எடுத்துக்கொண்டு சுற்றும் ஸ்கூட்டர்களில் இதைப் பார்க்கலாம்: கறுப்பில் மஞ்சள் எழுத்து. வாடகைக்கு எடுத்தவரே ஓட்டும் வண்டி. நட்சத்திர ஓட்டல் வண்டி என்றும், வெளிநாட்டுக்காரர் வண்டி என்றும் ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள்.

இதற்கு இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. கார்களுக்கு 1989ஆம் ஆண்டுத் திட்டம். உரிமம் வாங்க வேண்டுமென்றால் குறைந்தது 50 கார் வைத்திருக்க வேண்டும். இருசக்கர வண்டிகளுக்கு 1997ஆம் ஆண்டுத் திட்டம். குறைந்தது ஐந்து வண்டி. ஒற்றைக் காரை வைத்துக்கொண்டு "நீங்களே ஓட்டிக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்கு இவ்வளவு" என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் செய்கிறவர்கள் இந்த இரண்டிலும் சேரமாட்டார்கள். 50 கார் என்பது பெரிய முதலாளிகளுக்குப் போட்ட விதி என்பது என் கருத்து. சிறிய ஆள் நேர்மையாகத் தொழில் செய்ய வழி வைக்காமல், வெள்ளை பிளேட்டில் வாடகைக்கு விடுகிறார்கள் என்று பிறகு வருந்துவதில் பொருளில்லை.

நாமக்கல் பாடிகட்டி

நீங்கள் எல்லோரும் நான்கு சக்கரமும் கதவும் உள்ள வண்டிகளைப் பற்றியே பேசுகிறீர்கள். கதவே இல்லாத வண்டிகளும் சாலையில் ஓடுகின்றன. ஓசூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் எங்கள் ஊருக்கும் கரூருக்கும் பாடி கட்ட வரும் சேஸ்களைப் பார்த்திருப்பீர்கள். வெறும் சட்டம், இன்ஜின், ஸ்டீயரிங். ஓட்டுநர் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெயிலோடு வெயிலாக வருவார். அதில் மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து இருந்தால் தற்காலிகப் பதிவு என்று பொருள். டீலர் அல்லது தொழிற்சாலை தன் கைவசமுள்ள, இன்னும் யாருக்கும் விற்காத வண்டியை ஓட்டிச் சென்றால் சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. இதைத்தான் 2020 ஜூலையில் தெளிவாக வரையறுத்து வெளியிட்டார்கள். அதற்குமுன் காகிதத்தில் எழுதி ஒட்டிக்கொண்டும் ஓட்டினார்கள். மழையில் நனைந்தால் எண்ணும் போயிற்று, பதிவும் போயிற்று.

சென்னைக்கு அருகே கார் ஆலைகள் இருக்கும் ஒரகடம் பக்கம் போகிறவர்கள், உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளைக் கோலம் ஒட்டிய கார்களைச் சிவப்புப் பலகையோடு பார்க்கலாம். புது மாடல் சோதனை ஓட்டம். அந்தச் சிவப்பைக் கண்டு குடியரசுத் தலைவர் வருகிறார் என்று ஒதுங்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற பிரேக் இன்ஸ்பெக்டர், தஞ்சாவூர்

நாமக்கல்காரர் குடியரசுத் தலைவரை இழுத்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். குடியரசுத் தலைவர், ஆளுநர் ஆகியோரின் கார்களில் சிவப்புப் பலகையில் பொன்னிறத்தில் அரசு முத்திரை மட்டும் இருந்துவந்தது, எண் கிடையாது. எண் இல்லாத வண்டி இடித்துவிட்டுப் போனால் யார் மீது புகார் கொடுப்பது என்று ஒரு தன்னார்வ அமைப்பு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அரசியல் சாசனப் பதவியில் இருப்பவர்களின் வண்டிகளும் பதிவு எண்ணைக் காட்ட வேண்டும் என்று 2018இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. நிறத்தில் ஆயிரம் வேறுபாடு வைத்துக்கொள்ளலாம், எண் மட்டும் எல்லோருக்கும் வேண்டும்.

ராணுவ வண்டிகள் நம் ஆர்டிஓ அலுவலகத்தின் பக்கமே வருவதில்லை. அவற்றைப் பாதுகாப்புத் துறையே பதிவு செய்கிறது. எண்ணில் மேல்நோக்கிய ஓர் அம்புக்குறி இருக்கும்; பிரிட்டிஷ் அரசு தன் போர்த்துறைச் சொத்தில் போட்ட குறியின் மிச்சம் அது. அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் வண்டி வாங்கிய ஆண்டு.

வெளிர்நீலத்தில் வெள்ளை எழுத்து என்றால் தூதரகம், துணைத் தூதரகம் அல்லது ஐ.நா. அமைப்புகள். அங்கே நிறம் எச்சரிக்கைப் பலகை மாதிரி வேலை செய்கிறது. தூதரக வண்டியைச் சோதனையிடவோ பறிமுதல் செய்யவோ கூடாது என்று 1961ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தம் சொல்கிறது. அதைத் தெரியாமல் ஒரு காவலர் பின்கதவைத் திறந்துவிட்டால் விவகாரம் டெல்லிவரை போய்விடும்.

ஒற்றைரோட்டான், பெரம்பலூர்

எண்ணைத் தமிழில் எழுதினால் அபராதமா? எங்கள் ஊரில் பலர் எழுதியிருக்கிறார்கள்.

சட்டம் மூன்றாமாண்டு, சென்னை

ஆமாம். விதியின்படி எழுத்து ஆங்கிலத்திலும் இலக்கம் 1, 2, 3 என்ற வடிவிலும் இருக்க வேண்டும். தமிழில் தனியாக இன்னொரு பலகை மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. 2019 ஏப்ரல் 1 முதல் விற்கும் புது வண்டிகளுக்கு நிறுவனமே உயர் பாதுகாப்புப் பலகை மாட்டித் தருவதால் இந்தப் பேச்சு மெல்லக் குறைந்துவருகிறது. அலுமினியத் தகடு, அசோகச் சக்கர ஹாலோகிராம், லேசரில் பொறித்த தனி எண், கழற்றினால் உடையும் பூட்டு என்று நிறத்தையும் எழுத்தையும் யாரும் தொட முடியாதபடி செய்திருக்கிறார்கள். அதற்குமுன் ஸ்டிக்கர் கடைக்காரர்தான் ஆர்டிஓ. வெயிலில் வெளுத்த மஞ்சள் பலகை வெள்ளையாகவே தெரியும். அதை வேண்டுமென்றே மாற்றாமல் ஓட்டியவர்களும் இருந்தார்கள். பலகையில் 'பிரஸ்', 'வழக்கறிஞர்', 'காவல்' என்றெல்லாம் ஒட்டியவர்கள் மீது சென்னையில் 2024 மே மாதம் போக்குவரத்துக் காவல் துறை நடவடிக்கை எடுக்கத் தொடங்கியது. எங்கள் வகுப்பிலேயே சிலர் அன்றிரவு உட்கார்ந்து ஸ்டிக்கர் சுரண்டினார்கள். இன்னும் வழக்கறிஞராகவே ஆகவில்லை!

யாழ்ப்பாணத்தான்

இலங்கையில் முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள். சொந்தக் கார் என்றாலும் வாடகை ஓட்டோ என்றாலும் அதே நிறங்கள்தான். இங்கிலாந்தில் இருப்பதும் இந்த முறை. இரவில் விளக்கொளி படும்போது வண்டியின் முகம் எது, முதுகு எது என்று தெரியும். நிறத்தை இப்படியும் பயன்படுத்தலாம்.

எங்களுக்கு நம்பர் பிளேட் என்றதும் நினைவுக்கு வருவது நிறமல்ல. 'சிலோன்' என்பதன் ஆங்கில எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்து எண் கொடுத்துவந்த முறையை நிறுத்திவிட்டு, 1957 ஜனவரியில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்தைக் கட்டாயமாக்கினார்கள். வடக்கிலும் கிழக்கிலும் அதை அழித்துத் தமிழ் 'ஸ்ரீ' எழுதினார்கள். 1958 மார்ச்சில் சிங்கள ஸ்ரீ பொறித்த பஸ்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது எதிர்ப்பு பெரிதானது. தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். தமிழ்ப் பகுதிகளுக்கு ஓரளவு அதிகாரம் தருவதாகப் பிரதமர் பண்டாரநாயக்க தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு செய்திருந்த ஒப்பந்தம் ஏப்ரலில் கைவிடப்பட்டது. அடுத்த மாதமே தமிழருக்கு எதிரான கலவரம். பெரம்பலூர்க்காரர் கேட்ட கேள்வியைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

டி-போர்டு, மதுரை

யாழ்ப்பாணத்து அண்ணா எழுதியதற்குப் பிறகு என் பிழைப்புப் பாட்டைப் பாடக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற ஐயா, நிறம் பயணிக்காக என்கிறீர்கள். சரி. அப்படியென்றால் சுங்கச்சாவடியில் எதற்காக? இத்தனை நாளும் கார் என்றால் எந்த போர்டு என்றாலும் ஒரே கட்டணம். 2025 ஆகஸ்ட் 15 முதல் தேசிய நெடுஞ்சாலையில் ஆண்டுப் பாஸ் கொடுத்தார்கள். அப்போது 3,000 ரூபாய், 200 தடவை அல்லது ஓராண்டு. வெள்ளை போர்டுக்கு மட்டும்! ஆண்டுக்குச் சில தடவை ஊருக்குப் போகிறவருக்குச் சலுகை. நாள்தோறும் அதே சாவடியைத் தாண்டிச் சோறு தேடுகிறவனுக்கு முழுக் கட்டணம். வெள்ளை போர்டில் திருட்டு வாடகை ஓட்டுகிறவர் அந்தப் பாஸையும் வாங்கிக்கொண்டு இன்னும் ஐம்பது ரூபாய் குறைத்துச் சொல்கிறார்.

இதோடு நின்றதா? 2025 ஜூலையில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதலில், மாநில அரசு ஒப்புக்கொண்டால் வெள்ளை போர்டு பைக்கிலும் செயலி மூலம் ஆளேற்றலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பிரேக்கை மிதித்துப் பார்த்த வண்டி, பார்க்காத வண்டி என்று நீங்கள் சொன்ன வேறுபாடு அங்கே எங்கே போயிற்று ஐயா?

ஓய்வுபெற்ற பிரேக் இன்ஸ்பெக்டர், தஞ்சாவூர்

தம்பி, பாஸ் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். வணிக வண்டி சாலையை அதிகம் தேய்க்கிறது என்று அதற்கு நியாயம் சொல்வார்கள். ஒரே எடை, ஒரே டயர் உள்ள இரண்டு கார்களுக்கிடையில் அந்த நியாயம் செல்லாது.

பைக் விஷயத்தில் நிறத்தின் பிடி தளர்வது உண்மை. மின்சார வண்டியில் இது முன்பே தொடங்கிவிட்டது. 2018 அக்டோபரில் பேட்டரி வண்டிகளுக்குப் பெர்மிட்டிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். பின்சீட்டுப் பயணி பார்த்த அந்த மஞ்சள் எழுத்துப் பச்சைப் பலகைக் காருக்கு எஃப்சி உண்டு, வாடகைக்கான இன்சூரன்ஸ் உண்டு, பெர்மிட் கட்டாயமில்லை. எழுத்தை மஞ்சளாகவே விட்டுவைத்ததற்கு அந்த எஃப்சிதான் காரணம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பச்சை எதற்கு என்றால், சலுகைக்கு உரிய வண்டி இது என்று நிறுத்துமிடத்திலும் சாலையிலும் பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பதற்கு. அந்த ஆண்டு இந்த நிறத்தை அறிவித்தபோது சொன்ன காரணமும் ஏறக்குறைய அதுதான். 250 வாட்டுக்கு உட்பட்ட, 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத பேட்டரி ஸ்கூட்டருக்குப் பதிவே தேவையில்லை என்பதால் பலகையும் இல்லை, நிறமும் இல்லை. வேகத்தைக் கூட்டிவிட்டு அதே வசதியில் ஓட்டுகிறவர்கள்தான் இப்போதைய தலைவலி.

பின்சீட்டுப் பயணி, கோவை

சட்டக் கல்லூரித் தங்கை எழுதிய இன்சூரன்ஸ் பகுதியைச் சித்தப்பா மகனுக்கு அனுப்பினேன். நேற்றுவரை "யார் பார்க்கப் போகிறார்கள்" என்றவன், இன்று "டி-போர்டாக, அதாவது வாடகை வண்டியாக, மாற்ற என்ன செலவாகும்" என்று கேட்கிறான். நண்பர்களோடு பெட்ரோலைப் பங்கிட்டுக்கொண்டு போவதும் குற்றமா என்று அவன் மனைவி கேட்கிறாள். அலுவலகத்துக்கு அவள் அப்படித்தான் போகிறாள்.

சட்டம் மூன்றாமாண்டு, சென்னை

தெரிந்தவர்கள் செலவைப் பங்கிட்டுக்கொள்வது வேறு, இலாபத்துக்கு ஆள் ஏற்றுவது வேறு. 2020ஆம் ஆண்டு மத்திய அரசு வழிகாட்டுதல், செயலி மூலம் சொந்தக் காரில் பயணத்தைப் பகிர்ந்துகொள்வதற்கு நகருக்குள் நாளைக்கு நான்கு முறை, ஊர்விட்டு ஊர் வாரத்துக்கு இரண்டு முறை என்று வரம்பு வைத்தது. அதுவும் மாநில அரசு தடை செய்யாத இடத்தில். அண்ணி கவலைப்பட வேண்டாம். அண்ணன் வாரம் தவறாமல் ஊட்டிக்குப் போவதைப் பெட்ரோல் பங்கீடு என்று எந்த நீதிமன்றமும் நம்பாது.

ஓய்வுபெற்ற பிரேக் இன்ஸ்பெக்டர், தஞ்சாவூர்

மாற்ற நினைத்தால் முதல் வேலை ஆர்டிஓ அலுவலகம் அல்ல. தவணை கொடுத்த வங்கியிடம் போகச் சொல்லுங்கள். ஆர்சியில் அவர்கள் பெயர் அடமானத்தில் இருக்கும். அவர்கள் ஒப்புதல் இல்லாமல் வகை மாற்றம் நடக்காது. சொந்தக் காருக்குக் கொடுத்த கடனை வாடகைக் காருக்கு மாற்றினால் வட்டியைக் கூட்டும் வங்கிகளும் உண்டு. அந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்கட்டும். பிறகு வரி வித்தியாசம், எஃப்சி, பெர்மிட், புது இன்சூரன்ஸ், கடைசியில் பலகை. இடைத்தரகரிடம் போக வேண்டாம், விண்ணப்பம் 'பரிவாகன்' தளத்திலேயே இருக்கிறது.

சனி, ஞாயிறு மட்டும் ஓட்டினால் இந்தச் செலவு திரும்பி வருமா என்று டி-போர்டு தம்பியிடம் கேளுங்கள். அவருக்குத்தான் ஓட்டக் கணக்கு தெரியும்.

டி-போர்டு, மதுரை

வராது.